காலம் காட்டாத வினை



தமிழ் வினைமுற்றுக் காலத்தைத் தன்னுள்ளேயே தாங்கி நிற்பது. படித்தான், படிக்கிறான், படிப்பான் என இடைநிலை மாறக் காலமும் மாறும். சீன வினைக்கு அத்தகைய உருமாற்றம் இல்லை. 'வோ கான் ஷூ' என்பதில் 'வோ' நான், 'ஷூ' நூல், 'கான்' படித்தலைக் குறிக்கும். நேற்று எனப் பொருள்படும் 'ட்சுவோதியன்' சேரினும், நாளை எனப் பொருள்படும் 'மிங்தியன்' சேரினும் 'கான்' மாறுவதில்லை. அக்காலப்பெயர் எழுவாய்க்கு முன்னும் பின்னும் வரலாம்; ஆயின் வினைக்கு முன்னரே வருதல் வேண்டும். கற்பவர் முதலில் பழக வேண்டிய முறை இது.

அடுத்து வருவது 'லெ' என்னும் இடைச்சொல். இதனை இறந்தகால உருபெனக் கொள்வோர் பலர். 'மிங்தியன் கான் லெ ஷூ ஜியௌ லாய்' என்னும் தொடர் அவ்வெண்ணத்தைத் திருத்தும். 'நாளை நூல் படித்துவிட்டு வருவேன்' என்பது அதன் பொருள். நாளைய செயலிலும் 'லெ' வருகிறது. அது காட்டுவது வினையின் முடிவையே. தமிழிலும் 'படித்து' என்னும் இறந்தகால எச்சம் 'வருவேன்' என்னும் எதிர்கால முற்றைத் தழுவுகிறதன்றோ? இவ்வொப்புமையை உணர்ந்த தமிழருக்குப் பயிற்சி எளிதாகும். நேற்றுப் படிக்கவில்லை என்பதற்கு 'ட்சுவோதியன் மெய் கான்' என்பர். நிகழாத செயலுக்கு முடிவில்லை ஆதலின் அங்கு 'லெ' வாராது. 'கான் குவோ' என்றால் 'படித்ததுண்டு' என அனுபவம் சுட்டும்.

இது கவிஞர்க்கு ஏன் வேண்டும்? தாங் அரசர் காலத்து (618-907) லி பாய், து ஃபு முதலியோர் பாடல்களில் இவ்விடைச்சொற்கள் அரியன. காண்பவர் யார் என்பதும் பலவிடத்துச் சொல்லப்படுவதில்லை. 'கண்டேன்' எனத் தமிழாக்கின் பாடல் நினைவாகிறது. 'காண்கிறேன்' எனின் நேர்க்காட்சியாகிறது. ஆங்கிலவழி வரும் பெயர்ப்பிலோ அத்தேர்வை முன்னரே வேறொருவர் செய்துவிடுகிறார். பயணி சீனத்திலிருந்து நேரே தமிழாக்கிய 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' (2012) போன்ற முயற்சிகளின் அருமை இங்கே விளங்கும்.

தமிழிடம் இதற்கொரு கருவியும் உண்டு. 'ஊறுகாய்' என்பதில் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என முக்காலமும் மறைந்து நிற்கின்றன. வினைத்தொகையை இலக்கணத் தேர்வுக்கு மட்டும் உரியதென ஒதுக்காது, கவிதை பெயர்ப்போர் கையில் எடுத்தல் வேண்டும். மூலம் திறந்து வைத்த காலத்தைப் பெயர்ப்பு அடைத்துவிடாதிருக்க அது துணைபுரியும்.