பதிவேட்டில் பெயர் இருக்கட்டும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணினித் துறையில் வேலை செய்யும் எங்கள் மூவரையும் பார்த்து, "நாள் முழுக்க என்னதான் செய்யிறியள் எண்டு எல்லாருக்கும் விளங்கச் சொல்லுங்கோ" என்று செயலாளர் அக்கா கேட்டார். முயன்று பார்க்கிறோம்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்கு, களஞ்சியம், விற்பனை எல்லாம் ஒரே பெரிய மென்பொருளுக்குள் இருக்கும். ஒருநாள் இரவு பற்றுச்சீட்டு அச்சிடும் பகுதியில் சிறு திருத்தம் ஒன்று செய்தோம். விடியப் பார்த்தால் முழுவதும் படுத்துவிட்டது.

இன்று அதைச் சிறு சிறு சேவைகளாகப் பிரிக்கிறோம். மைக்ரோசேர்விஸ் என்பது இதுதான். ஒவ்வொரு சேவையையும் அது ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் ஒரு கொள்கலனில் கட்டிவைக்கிறோம். 2013 இல் வெளிவந்த டொக்கர் இந்த வேலையை எளிதாக்கியது. நெரிசல் கூடினால் அதே கொள்கலனில் இன்னும் சில பிரதிகளை எழுப்பலாம். பழுதானதை நிறுத்திப் புதியதை வைக்கலாம்.

ஆனால் புதிதாக எழும் கொள்கலனின் முகவரி மாறிவிடும். விற்பனைச் சேவை களஞ்சியச் சேவையை எங்கே தேடும்? அதற்குத்தான் சேவைப் பதிவேடு. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2012 இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட யுரேக்கா அப்படியானது. ஒரு சேவை எழும்பியதும் தன் பெயரையும் முகவரியையும் அதில் பதியும். பின்னர் 30 செக்கனுக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று அறிவிக்கும். 90 செக்கன் சத்தமில்லையென்றால் பெயர் நீக்கப்படும்.

எமக்குப் பிடித்தது அதிலுள்ள இன்னொரு விதி. வரவேண்டிய அறிவிப்புகள் 85 வீதத்துக்குக் கீழே குறைந்தால் யுரேக்கா பெயர் நீக்குவதை நிறுத்திவிடும். இத்தனை பேர் ஒரேயடியாக இல்லாமற் போயிருக்க மாட்டார்கள், பாதைதான் அறுந்திருக்கும் என்பது அதன் கணக்கு. அந்நேரம் பட்டியலில் சில பிழையான முகவரிகளும் கிடக்கும். பதில் வராவிட்டால் அடுத்ததை முயலவேண்டும். அந்தச் சிரமத்தைத் தாங்கலாம்.

இதைப் படித்தபோது எங்கள் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. 1995 இடப்பெயர்வின் பின் அனுப்பிய கடிதங்கள் கட்டாகத் திரும்பி வந்தன. பதிவேட்டை வைத்திருந்த ரீச்சர் ஒரு பெயரையும் வெட்டவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்தார். காலம் செல்லச் செல்ல, வவுனியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் பதில்கள் வந்தன. புள்ளிகள் அழிக்கப்பட்டன. சில புள்ளிகள் இன்றும் இருக்கின்றன.

இப்போது அந்தப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பு எங்களிடம் தரப்பட்டுள்ளது. மூன்று ஆண்டுகள் சந்தா கட்டாதோரின் பெயர்களை நீக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. அதற்கு நாங்கள் உடன்படவில்லை. நீக்குவதற்குப் பதிலாக, புள்ளி வைக்க ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பொதுச்சபை இதை ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சகோதரிகளே, எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள். "இருக்கிறேன்" என்றால் போதும்.