கள்ளக்குரல் என்னும் சொல்



இசை எனது ஆய்வுத்துறை அன்று. எனினும் 'கள்ளக்குரல்' என்னும் ஒரு சொல் குறித்துப் பேச வந்துள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி கல்லூரி விழாவில் பாடினாள். உச்ச சுரங்களில் அவள் குரல் மெலிந்து, காற்றோடு கலந்து ஒலித்தது. "கள்ளக்குரலில் பாடுகிறாயே" என்றார் பெரியவர் ஒருவர். பொய்யுரைத்து அகப்பட்டவள்போல் அவள் தலைகுனிந்தாள். பின்னர்ப் பாடவேயில்லை. அந்த முகமே என்னை நூல்களிடம் அனுப்பிற்று.

உந்தியிலிருந்து எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று எழுத்தொலியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. அது பேச்சொலிக்குரிய இலக்கணம், பாட்டுக்கு உரியதன்று. எனினும் மேலைநாட்டு இசையாசிரியரும் நெஞ்சுக்குரல், தலைக்குரல் என்றே பகுத்தமை எண்ணத்தக்கது. மூன்றாவதை இத்தாலியர் 'ஃபால்செட்டோ' என்றனர். பொய் என்னும் பொருளடியாகப் பிறந்த சொல் அது. நம் கள்ளக்குரலுக்கு உடன்பிறப்பு.

உண்மை யாது? மூன்றும் பிறப்பது மிடற்றிலுள்ள குரல்நாண்களிலேதான். மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் 1854-இல் சிறு கண்ணாடியின் துணையால் தம் குரல்நாண்களின் அசைவைத் தாமே கண்டார். தாழ்ந்த சுரங்களில் நாண்கள் தடித்து, நன்கு பொருந்தி அதிர்கின்றன. அதிர்வை மார்பில் உணர்கிறோம். அது நெஞ்சுக்குரல். சுரம் உயர உயர அவை நீண்டு மெலிகின்றன. ஆயினும் நன்கு மூடுகின்றன. அதிர்வை முகத்திலும் தலையிலும் உணர்கிறோம். அது தலைக்குரல். விளிம்புகள் மட்டுமே அதிர, முழுதும் மூடாத இடைவெளியில் காற்றுக் கசிவதே கள்ளக்குரல். இதில் கள்ளம் எங்கே?

ஆல்ப்சு மலைவாழ் மக்கள் நெஞ்சுக்குரலிலிருந்து இக்குரலுக்குத் துள்ளித் தாவுவதையே ஒரு கலையாக்கினர். நம் மேடையோ நிறைந்த குரலை விரும்புவது. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடகமேடையில் உச்சத்தில் முழங்கிய பெருமையை நான் மறவேன். ஆயினும் அம்மரபைக் காட்டி, நெஞ்சுக்குரலையே வலிந்து மேலேற்றுமாறு இளம் மிடறுகளை வருத்தினால் நாண்கள் வீங்கும். நாளடைவில் காய்ப்பும் விழும். உயர்ந்த சுரத்தில் மென்மையாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கீழிறங்கிப் பழகினால், கசியும் குரலும் நிறைவு பெற வழியுண்டு. அது பயிற்சி வேண்டும் குரலேயன்றிப் பழிக்கத்தக்க குரலன்று.

இவற்றை நான் அறிந்தபோது அம்மாணவி கல்லூரியை விட்டுச் சென்றிருந்தாள். அவளிடம் சொல்லத் தவறியதையே இன்று உங்களிடம் சொல்கிறேன். சொல்லாராய்ச்சி நம் தொழில். ஒரு சொல் ஒரு குரலை அடைத்துவிடக்கூடும் என்பதை நாமன்றி யார் உணர்வார்? இனி அதனை 'மென்குரல்' என்போம். பாடவரும் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பாடட்டும்.