சொந்த ஊரில் அயலாராக வீடு வாங்குவது

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"சார், பழைய கதை எல்லாரும் சொல்லிடுவாங்க. நீங்க உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வழக்கறிஞன். நாற்பது வருடமாகத் தாம்பரம் வட்டாரத்துச் சொத்துப் பத்திரங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. கூடல் முடிந்த மறுநாள் காலையில் வெளிநாட்டு நண்பர்கள் நாலைந்து பேராவது என் வீட்டுக்கு வருவார்கள். காபி குடித்து முடிப்பதற்குள், "இங்கேயே பக்கத்துல ஒரு வீடு வாங்கிப் போடலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்வதை இன்று மொத்தமாகச் சொல்லிவிட விழைகிறேன்.

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம் நண்பர் ஒருவருக்குச் சுவிட்சர்லாந்து மலையில், பனிச்சறுக்கு விளையாடும் ஊர் ஒன்றில், விடுமுறை வீடு வாங்க ஆசை. அந்த நாட்டில் 1983-ஆம் வருடச் சட்டப்படி வெளிநாட்டில் வசிக்கும் அயல்நாட்டவர் விடுமுறை வீடு வாங்க மாநில அரசின் அனுமதி வேண்டும். வருடத்துக்கு நாடு முழுவதற்கும் சுமார் 1,500 அனுமதிகள்தான். வீட்டின் பரப்பு பொதுவாக 200 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. போதாததற்கு, ஓர் ஊரின் மொத்த வீடுகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாம் வீடுகளாக இருக்கக்கூடாது என்று 2012-இல் மக்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். நம் நண்பர் எட்டு மாதம் விசாரித்தார். வக்கீலைப் பார்த்தார், வங்கியைப் பார்த்தார், குளிர்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் நேரில் போய்ப் பார்த்தார். கடைசியில், "நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிட்டார். புத்திசாலித்தனமான முடிவு.

அதே நண்பர் தாம்பரம் பக்கத்தில் மனை வாங்கினார். உறவுக்காரர் செல்போனில் அனுப்பிய இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் முன்பணம் அனுப்பிவிட்டார். பத்திரத்தை என்னிடம் காட்டியது மூன்று மாதம் கழித்துத்தான். "என்னப்பா இது?" என்றேன். "நம்ம ஊருதானே!" என்றார்.

நண்பர்களே, இந்த "நம்ம ஊருதானே" என்ற நினைப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். மனசுக்கு இது நம் ஊர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் உங்களில் பலர் இங்கே அயலார். அதை ஒப்புக்கொண்டு, அயலார் விசாரிப்பதைப் போல விசாரித்து வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் யார் வாங்கலாம் என்று பார்ப்போம். 1999-ஆம் வருட அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும்தான் இதற்கு அடிப்படை. இந்தியக் குடிமகனாக இருந்து வெளிநாட்டில் வசிப்பவரும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி கேட்காமலே இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. பெற்றோர் வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

படப்பை, மணிமங்கலம் பக்கம் போனால், "பண்ணை மனை, மாந்தோப்போடு" என்று அழகழகாக விளம்பரம் செய்வார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த இடம் இன்னும் நஞ்சை என்றோ புஞ்சை என்றோ இருந்தால் அது உங்களுக்கு ஆகாது. விற்பவர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பார். நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் மனைவியோ கணவரோ வெளிநாட்டவராக, ஓ.சி.ஐ. அட்டை இல்லாதவராக இருந்தால், திருமணம் பதிவாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அப்போது உங்களோடு கூட்டாக ஒரே ஒரு சொத்து வாங்கலாம்.

இலங்கையிலிருந்து வந்து நம்மோடு படித்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கைக் குடிமக்கள், ஓ.சி.ஐ. அட்டை இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெறாமல் இங்கே சொத்து வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். "மச்சான் பேரில் வாங்கி வைக்கிறேன்" என்ற குறுக்கு வழி வேண்டாம். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். உறவும் போய், பணமும் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நிலம். இந்த வட்டாரத்தில் பத்திரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நாம் படித்த காலத்தில் சேலையூரைத் தாண்டினால் ஏரியும் வயலுமாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். தெருவுக்கு என்ன புதுப்பெயர் வைத்தாலும் தண்ணீருக்குப் பழைய வழிதான் தெரியும். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே படகு விட்டு ஜனங்களை மீட்டார்கள். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதை ஒட்டிய இடங்களில் கட்டட அனுமதி தரலாமா என்ற விவகாரம் 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

ஆகவே, நீங்கள் ஜனவரி வெயிலில் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதாது. நவம்பர் மழையில் ஒருமுறை பாருங்கள், அல்லது நம்பகமான ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம், "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது, உள்ளதைச் சொல்வார்.

பிறகு காகிதங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரங்கள், பட்டா, புல வரைபடம் ஆகியவை வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் இப்போது அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். நிலத்தின் வகைப்பாட்டில் ஏரி, மேய்க்கால், அனாதீனம், புறம்போக்கு என்ற சொற்களில் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது. பின்னர் 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. "வரன்முறை ஆயிடும் சார்" என்று சொன்னால், ஆன பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அடுக்குமாடி வீடு என்றால் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு, கட்டி முடித்த சான்று உண்டா, திட்டம் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்பலாம், அல்லது உங்கள் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து கொடுக்கலாம். டாலர் நோட்டாகக் கொடுப்பது கூடாது. "பாதி கறுப்பா கொடுங்க" என்பவரிடம் வாங்கவே வேண்டாம். பத்திரத்தில் எழுதாத பணம் திரும்பிப் போகிறபோது கணக்கில் வராது.

அதிகாரப் பத்திரம் பற்றி அவசியம் சொல்ல வேண்டும. அங்கே தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்திட்டு அனுப்பும் பத்திரம், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். எந்தச் சொத்து, எந்தக் காரியம் என்று அதில் குறிப்பிட்டு எழுதுங்கள். வாங்க மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதேபோல், வெறும் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து உங்களுக்கு யாராவது சொத்து விற்க வந்தால் மறுத்துவிடுங்கள். அதனால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாங்கும்போதே விற்கும் நாளையும் நினைத்துப் பாருங்கள். உள்ளூர்க்காரர் விற்றால், விலை 50 லட்சம் ரூபாயைத் தொடும்போது வாங்குபவர் 1 விழுக்காடு வரி பிடிப்பார். நீங்கள் விற்றால் பிடித்தம் பல மடங்கு. வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்று வாங்காவிட்டால் பெருந்தொகை முடங்கிப் போகும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும்போது, இந்தியாவில் வசிப்பவர் 12.5 விழுக்காடா, பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 விழுக்காடா என்று பார்த்து, குறைவானதைக் கட்டலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தத் தேர்வு கிடையாது. விற்ற பணத்தைக் கொண்டுபோகவும் வரம்பு உண்டு. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்ப வாங்கவே வேணாமா?" என்று கேட்பீர்கள். வாங்குங்கள். அப்பா அம்மா இருந்து அனுபவிப்பதற்காக வாங்கினால் அதைவிட நல்ல காரியம் இல்லை. அப்படியென்றால் மூன்றாம் மாடி வேண்டாம், லிஃப்ட் இல்லாத கட்டடம் வேண்டாம், ஆஸ்பத்திரியும் அடுத்த வீட்டு மனிதர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். அவர்கள் காலத்துக்குப் பின் யார் இருப்பார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இன்றே பேசி முடிவு செய்யுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடும், வேலி இல்லாத மனையும் மற்றவர்கள் கண்ணை உறுத்தும். அடுத்தவர் பன்னிரண்டு வருடம் வெளிப்படையாக அனுபவித்துவிட்டால், உங்கள் உரிமையை மீட்க முடியாமலே போய்விடலாம்.

வருடத்துக்கு மூன்று வாரம் தங்கத்தான் என்றால், வாடகைக்கு எடுங்கள். நம் ஊர்ப் பாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் வெளிநாடு போவீர்கள். போகும் முன் உங்கள் வீட்டுப் பத்திரம் எந்தப் பீரோவில் இருக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு முறை அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவை மாற்றுவது இப்போது சுலபம். நீங்கள் நாலு பேரும் நாலு நாட்டில் இருக்கும்போது அது பெரும்பாடு.

நாளைக் காலை என் வீட்டுக்கு வரும் நண்பர்களை அன்புடன் வரவேற்கிறேன். காபி உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வந்துவிட்டால் இன்னும் மகிழ்ச்சி.