செல்வ நாட்டில் வறுமையை அளத்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், செல்வம் மிக்க நாடுகளில் வறுமையை எவ்வாறு அளத்தல் வேண்டும் என்பது. செல்வ நாட்டில் வறுமை ஏது என உங்களுட் சிலர் வினவக்கூடும். அவ்வினா நேரியதே. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள அறிஞர்கள் அதனை நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்ட விடைகளை நோக்குவோமாயின், வறுமை என்னும் சொல்லின் பொருளே நமக்குத் தெளிவாகும்.

தமிழில் வறுமையைக் குறிக்கும் சொற்கள் பல. மிடி என்பது ஒன்று. நல்குரவு என்பது ஒன்று. இன்மை என்பது மற்றொன்று. இவற்றுள் இன்மை என்னும் சொல் ஒரு வினாவைத் தன்னகத்தே கொண்டுள்ளது. இல்லாதிருத்தல் இன்மை எனின், எது இல்லாதிருத்தல்? சோறு இல்லாதிருத்தலா? துணி இல்லாதிருத்தலா? அயலார் யாவரும் எளிதிற் பெற்றிருப்பதைத் தான் மட்டும் பெறாதிருத்தலா? இவ்வினாவிற்கு எவ்விடை தருகின்றோமோ அதற்கேற்பவே ஏழைகளின் தொகை கூடும்; அன்றிக் குறையும்.

முதலாவது விடையைத் தந்தவர் இங்கிலாந்தில் யார்க் நகரத்து வாழ்ந்த சீபோம் ரௌண்ட்ரி என்பார். இவர் சாக்லேட் செய்யும் தொழிற்சாலைக் குடும்பத்தில் தோன்றிய செல்வர். 1899-ஆம் ஆண்டில் இவர் ஆட்களை அமைத்து, அந்நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் 11,560-ஐ வீடுவீடாக ஆராயச் செய்தார். உடல் நலிவுறாது உழைத்தற்கு வேண்டிய மிகக் குறைந்த செலவு யாது என்று கணக்கிட்டார். கணவன், மனைவி, மக்கள் மூவர் அடங்கிய குடும்பத்திற்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்பது அவர் கண்ட முடிவு. உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகைக்கு 4 ஷில்லிங். ஆடை, விளக்கு, விறகு முதலியவற்றிற்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். இதில் புதிய இறைச்சிக்கு இடமில்லை, செய்தித்தாளுக்கு இடமில்லை, ஊரைவிட்டுச் சென்ற மகனுக்கு ஒரு கடிதம் விடுத்தற்கும் இடமில்லை. இத்துணைக் கடுமையான கோலைக் கொண்டு அளந்தும், ஏறத்தாழப் பத்திலொருவர் அதன்கீழ் நின்றனர். போதிய வருவாய் வந்தும், அது வேறு வழிகளிற் செலவாகிவிட, கண்கூடான வறுமையில் வாழ்ந்தோரையும் சேர்த்தெண்ணிய போது, நகர மக்களுள் நூற்றுக்கு 28 பேர் வறியர் எனத் தெரியவந்தது. அந்நாளில் உலகிற் பெருஞ்செல்வ நாடு எனப் பெயர் பெற்ற தேயத்தின் நிலை இது. சோம்பலே வறுமைக்குக் காரணம் என்று கூறிவந்தோர்க்கு இந்நூல் தக்க மறுமொழியாயிற்று. மிகக் கொடிய வறுமையில் உழன்றோருட் பாதிக்கு மேற்பட்டவர் முறையாக வேலை செய்தும் கூலி போதாதவர் குடும்பத்தினரே என்பதை அது காட்டிற்று.

ஆனால் ரௌண்ட்ரியே தம் கோலை என்றும் மாறாதது எனக் கொள்ளவில்லை. 1936-இல் அவர் அதே நகரத்தை மீண்டும் ஆராய்ந்தார். இம்முறை செய்தித்தாள், வானொலி, சிறு பரிசுப் பொருள்கள் முதலியவற்றிற்கும் இடந்தந்து கோலை உயர்த்தினார். புதிய கோலின்படி தொழிலாளருள் நூற்றுக்கு 31 பேர் வறியர். பழைய கோலின்படியோ நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. நகரம் ஒன்று, ஆண்டு ஒன்று, மக்கள் அவரே, கோல் மாறியதால் தொகை மாறிற்று. இது பொய்க்கணக்கு அன்று. முப்பத்தேழு ஆண்டுகளில் மனிதன் மனிதனாக வாழ்தற்கு இன்றியமையாதன எவை என்னும் கருத்தே வளர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

இக்கருத்து புதியதும் அன்று. 1776-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பொருளியற் பெருநூலில் ஆடம் ஸ்மித் என்னும் அறிஞர் இதனைத் தெளிவாக விளக்கியுள்ளார். பழைய கிரேக்கரும் உரோமரும் லினன் துணிச் சட்டையின்றியே இனிது வாழ்ந்தனர். ஆயினும் தம் காலத்து ஐரோப்பாவில் அச்சட்டையின்றி வெளியே வர ஒரு கூலிக்காரனும் நாணுவான் என்றார். தோற்காலணியும் அவ்வாறே. இங்கிலாந்தில் ஏழைப் பெண்ணும் அஃதின்றி வெளிப்படக் கூசுவாள். ஸ்காத்லாந்திலோ அடித்தட்டுப் பெண்கள் வெறுங்காலோடு நடத்தல் இழிவாகக் கருதப்படவில்லை. ஆள் பாதி, ஆடை பாதி என்பர் நம்மவர். ஒருவன் நாணமின்றி நாலுபேர் நடுவே நிற்றற்கு வேண்டுவது இடந்தோறும் காலந்தோறும் வேறுபடும் என்பதே ஸ்மித் உணர்த்திய உண்மை.

1983-இல் நம் நாட்டறிஞர் அமர்த்தியா சென் இக்கருத்திற்கு ஒரு வரையறை கண்டார். நாணமின்றி வாழ்தல் என்னும் வேண்டற்பாடு எங்கும் ஒன்றே. அதனை நிறைவேற்றற்கு வேண்டும் பொருளே நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது என்பது அவர் கொள்கை. இதனை மனத்திற் கொள்வோமாயின், அமெரிக்க ஏழை வீட்டிற் குளிர்பதனப் பெட்டியும் மோட்டார் வண்டியும் உள்ளனவே, அவன் எங்ஙனம் ஏழையாவான் என்னும் தடைக்கு விடை எளிது. பேருந்து இல்லாத ஊரில் பத்துக் கல் தொலைவிலுள்ள வேலைக்குச் செல்வோனுக்கு வண்டி ஆடம்பரம் அன்று; வேலையின் ஒரு பகுதியே ஆகும். அன்றியும், தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றின் விலை அந்நாட்டில் ஆண்டுதோறும் சரிந்துவர, வாடகையும் மருத்துவச் செலவும் ஏறியே வந்துள்ளன. எளிதிற் கிடைப்பதை எண்ணிவிட்டு, அரிதாய்ப் போனதை எண்ணாது விடுதல் நேர்மையான கணக்காகாது.

இனி அமெரிக்காவின் அரசாங்கக் கோலை நோக்குவோம். அதனை வகுத்தவர் சமூகப் பாதுகாப்புத் துறையிற் பணியாற்றிய மோலி ஒர்ஷான்ஸ்கி என்னும் அம்மையார். 1955-இல் எடுத்த கணக்கின்படி அந்நாட்டுக் குடும்பங்கள் தம் வருவாயில் மூன்றிலொரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆதலின், வேளாண்மைத் துறையார் வகுத்த மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் விலையை மூன்றாற் பெருக்கி அம்மையார் வறுமைக் கோட்டை அமைத்தார். 1963-இல் நால்வர் அடங்கிய குடும்பத்திற்கு அஃது ஆண்டிற்கு ஏறத்தாழ 3,100 டாலர் ஆயிற்று. 1969-இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அதன்பின் விலையேற்றத்திற்குத் தக அத்தொகையை உயர்த்தி வருகின்றனரேயன்றி அடிப்படையை மாற்றவில்லை. இப்பொழுதோ அந்நாட்டுக் குடும்பங்கள் செலவில் எட்டிலொரு பங்கையே உணவுக்கு ஈகின்றன. வாடகை மிகுந்த நியூயார்க் நகரத்திற்கும் வாடகை குறைந்த சிற்றூருக்கும் கோடு ஒன்றே. வரி நீங்கலாகக் கைக்கு வருவது எவ்வளவு என்றும், உணவுச் சீட்டு முதலிய உதவிகளால் வருவது எவ்வளவு என்றும் அது நோக்குவதில்லை.

இக்குறைகளை 1995-இல் அறிஞர் குழு ஒன்று எடுத்துக்காட்ட, 2011 முதல் துணையளவு ஒன்றும் வெளிவருகின்றது. வாடகை வேறுபாடு, வரி, அரசாங்க உதவி, மருத்துவச் செலவு ஆகியவற்றை அத்துணையளவு கணக்கிற் சேர்க்கும். இரு கோல்களுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் பிள்ளைகளுக்குரிய வரிச்சலுகையை உயர்த்தி, வருவாயே இல்லாத பெற்றோர்க்கும் அது முழுமையாகக் கிடைக்கும்படி செய்தது. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தை ஒன்றிற்கு 3,600 டாலர் வரை வந்தது. அவ்வாண்டு துணையளவின்படி பிள்ளைகளுள் நூற்றுக்கு 5.2 பேரே வறியர். மறு ஆண்டு அவ்வுதவியும் பிற தற்காலிக உதவிகளும் நின்றன; தொகை 12.4 ஆக உயர்ந்தது. பழைய கோலோ முதலாண்டில் 15.3 என்றும் மறு ஆண்டில் 15.0 என்றும் காட்டிற்று. பல இலட்சம் பிள்ளைகள் வறுமையினின்று ஏறியதையும் மீண்டும் வீழ்ந்ததையும் அது காணவேயில்லை. கோல் காணாததை அரசும் காணாது. அரசு காணாததற்கு நிதியும் கிடையாது.

ஐரோப்பிய நாட்டார் மற்றொரு வழியை மேற்கொண்டனர். நாட்டு மக்களை வருவாய்ப்படி வரிசையாக நிறுத்தின் நட்டநடுவே நிற்பவர் வருவாய் எவ்வளவோ, அதில் நூற்றுக்கு அறுபது பங்கிற்குக் குறைந்தோரை வறுமைக்கு இலக்காவோர் எனக் கொண்டனர். இவ்வாறு அளப்பின் வறுமை என்றும் ஒழியாதே என்பர் சிலர். அது பிழை. ஐவர்க்கு முறையே 10, 20, 30, 40, 100 ரூபாய் வருவாய் எனக் கொள்வோம். நடுவில் நிற்பவர்க்கு 30, கோடு 18. முதல்வனுக்கு 8 ரூபாய் மிகுதியாகக் கிடைப்பின் கோட்டின்கீழ் ஒருவரும் இல்லை. நூறு பெறுபவர் ஆயிரம் பெறினும் கோடு அசையாது.

ஆயினும் இக்கோலும் தனித்து நிற்கத் தக்கதன்று. பிரிட்டனில் 2010-11-ஆம் ஆண்டில் நடுவருவாயே வீழ்ந்தது. கோடும் உடன் தாழ்ந்தது. அதனால் மூன்று இலட்சம் பிள்ளைகள் வறுமை நீங்கினர் எனக் கணக்குக் கூறிற்று. அப்பிள்ளைகளின் அடுப்பிலோ ஒரு பிடியும் கூடுதலாக வேகவில்லை.

ஆதலின் அயர்லாந்து நாட்டார் இரண்டினையும் இணைத்தனர். வருவாய் கோட்டின்கீழ் உள்ளதா என நோக்குவதோடு, பதினொரு பொருள்களைப் பற்றியும் வினவுகின்றனர். நல்ல காலணி இரண்டிணை உண்டா? மழை தாங்கும் மேற்சட்டை உண்டா? வீட்டைச் சூடாக்க இயலுமா? ஒருநாள் விட்டு ஒருநாளேனும் இறைச்சியோ மீனோ, ஊனுண்ணார்க்கு அதற்கு ஈடான மரக்கறியுணவோ கிடைக்குமா? இல்லை என்பார் பொருளின்மையால் இல்லை என்கின்றனரா என்பதையும் கேட்கின்றனர். விரும்பி நோன்பிருப்பானையும் சோறின்றிக் கிடப்பானையும் ஒரே நிரையில் எண்ணுதல் கூடாதன்றோ? கோட்டின்கீழ் நின்று, இவற்றுள் இரண்டேனும் இல்லாதவரே நிலைத்த வறுமையினர் எனப்படுவர்.

அன்பர்களே! நெல்லை மரக்காலால் அளக்கின்றோம். துணியை முழக்கோலால் அளக்கின்றோம். மரக்கால் துணியை அளவாமை அதன் குற்றமன்று. அதனைத் துணிமேல் வைப்பவன் குற்றம். உணவுக்கோடு பட்டினியை அளக்கும். நடுவருவாய்க் கோடு, ஒருவன் ஊரினின்று எவ்வளவு பின்தங்கினான் என்பதை அளக்கும். பொருட்பட்டியல், வீட்டினுள் உள்ள இன்மையை அளக்கும். செல்வ நாட்டில் இம்மூன்றும் வேண்டும். அவற்றுள்ளும் ஊரார் இயல்பாய்ச் செய்வதை ஒருவன் நாணமின்றிச் செய்ய இயலுமா என்னும் வினாவே தலையாயது. ஏனைய கோல்கள் அதற்குத் துணையாவன.

ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அளவு வீண்செலவைத் தடுக்கும் என்றே அதற்குப் பொருள் கூறுவோம். ஆனால் அளவு பிழைப்பின், கொடுக்க வேண்டியவர்க்குக் கொடாமலும் போய்விடும். ஆதலின், பிறர்க்குப் பொருளுதவும் பொறுப்பிலுள்ளோர் எந்நாட்டினராயினும், விண்ணப்பித்தவன் கையிலுள்ள கடிகாரத்தையும் காலிலுள்ள செருப்பையும் கண்டு இவன் ஏழையல்லன் என முடிவு கட்டற்க. அவன் மகள் பள்ளியில் எதனைச் செய்ய இயலாது தலைகுனிந்து நிற்கின்றாள் என்பதையும் கேட்டறிக. அதன்பின் கணக்கெழுதுக.