வானிலிருந்து படம் அனுப்புவோர் கவனத்திற்கு



புனே நகரிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி ஏறக்குறைய 75 கிலோமீட்டர் சென்றால் நாராயண்காவ் என்னும் ஊர் வரும். திராட்சைத் தோட்டங்களுக்கும் தக்காளிச் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலையில் கோடத் என்னும் சிற்றூரை நெருங்கும்போது, வயல்களுக்கு நடுவே வானத்தை நோக்கி ஏந்திய மாபெரும் கிண்ணங்கள் சில கண்ணில் படும். ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவு உடையது. மொத்தம் 30 கிண்ணங்கள். 14 கிண்ணங்கள் நடுவில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய 16 கிண்ணங்கள் மூன்று கிளைகளாகப் பிரிந்து நெடுந்தொலைவு பரவியிருக்கின்றன. இரு கோடிகளுக்கு இடையே உள்ள தூரம் 25 கிலோமீட்டர். இதுவே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி. இதை அமைத்தவர் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப். உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரையில் மலைச்சரிவின் மீது 530 மீட்டர் நீளத்திற்கு ஒரு வானொலித் தொலைநோக்கி 1970-ஆம் ஆண்டு முதல் இருக்கிறதே, அதையும் அவரே அமைத்தார்.

இன்று நான் பேச வந்த பொருள் வானியல் அன்று. திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் நம் தலைக்கு மேல் ரீங்காரமிட்டுப் பறக்கும் டிரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானத்தைப் பற்றியே பேச வந்தேன். அதிலும் குறிப்பாக, அது காணும் காட்சியைத் தரையிலிருப்பவருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி. தாமே பாகங்களை வாங்கிப் பூட்டி இத்தகைய விமானங்களைச் செய்யும் இளைஞர்கள் புனேயிலும் கோவையிலும் சென்னையிலும் பெருகியிருக்கிறார்கள். படம் சற்றுக் கலங்கினால் அவர்களுக்கு முதலில் தோன்றும் மருந்து, இன்னும் வலிமையான டிரான்ஸ்மிட்டர் என்பதுதான். அந்த மருந்தைக் கையாளும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றைச் சொல்வதற்குக் கோடத்தின் கிண்ணங்களைப்போல் உதவும் எடுத்துக்காட்டு வேறில்லை.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்கியாபரெல்லி என்னும் கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்க முயன்றது. அப்போது பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே 17 கோடி கிலோமீட்டருக்கு மேல் தூரம். அக்கலம் இறங்கும்போது 401 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அனுப்பிய மெல்லிய குறிப்பொலி கோடத்தில் கேட்டது. செவ்வாயைச் சுற்றிவரும் கலங்களை நோக்கி அனுப்பப்பட்ட ஒலி அது. பூமிக்கு நேரே அனுப்பியதன்று. கலம் தரையைத் தொடவேண்டிய நேரத்திற்குச் சற்று முன் அந்த ஒலி நின்றது. கலம் விழுந்து நொறுங்கியது என்பது பின்னர்த் தெரிந்தது. அவ்வளவு கூர்மையான செவி அது. அந்தச் செவிக்கு அருகே நின்று ஒருவர் உரக்கக் கூவினால் என்ன ஆகும்?

கூவுவதற்குப் பல வாட்டுத் திறன் வேண்டியதில்லை. ஒரு வாட்டே போதும். ஏனெனில் பறக்கும் டிரான்ஸ்மிட்டருக்குத் திறனைக் காட்டிலும் பெரிய வலிமை ஒன்று இருக்கிறது. அதுதான் உயரம். கோடைப் பண்பலையைக் கேட்கும் தமிழ்நாட்டு நேயர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கொடைக்கானல் மலைமேல் நிற்கும் கோபுரத்திலிருந்து எழும் ஒலி பல மாவட்டங்களைக் கடந்து கேட்கிறது. புனேக்காரர்களுக்குச் சிங்ககட் கோட்டையின் மேல் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரமே சாட்சி. வானொலி அலைக்குத் தெரியும் அடிவானம், ஆள் உயரத்தில் பிடித்த டிரான்ஸ்மிட்டருக்குச் சுமார் 6 கிலோமீட்டர். அதையே 120 மீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிட்டால் 45 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. தரையில் நின்று செலுத்துபவருக்குத் தம் விமானம் ஒரு புள்ளியாய்த் தெரிகிறது. அந்தப் புள்ளியோ பல தாலுகாக்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கோடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்களுள் ஒன்று, சுற்றியுள்ள குன்றுகள் நகரங்களின் வானொலி இரைச்சலை மறைக்கின்றன என்பது. மலை நின்ற இடத்தில் நிற்கும். விமானம் அதற்கு மேலே எழும்பிவிடும். சிவாஜி பிறந்த சிவ்னேரி கோட்டை கோடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. ஒரு வாட்டு டிரான்ஸ்மிட்டர் ஒன்று அவ்வளவு தொலைவில், இடையே தடையின்றி, 1280 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புவதாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த அதிர்வெண்ணில் அது தொலைநோக்கிக்குச் சூரியனைவிடப் பல நூறு மடங்கு பிரகாசமாகத் தோன்றும். கிண்ணம் வேறு திசையை நோக்கியிருந்தாலும் இவ்வளவு வலிய அலை ஓரங்களின் வழியே கசிந்து உள்ளே புகுந்துவிடும்.

1280 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. நெடுந்தூரம் படம் அனுப்ப விரும்புவோர் கடைகளில் கேட்டு வாங்கும் '1.2', '1.3' கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் வழக்கமாக உள்ள அலைவரிசைகளுள் அதுவும் ஒன்று. ஹைட்ரஜன் அணு இயற்கையாக 1420 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. தொலைவிலுள்ள அண்டங்கள் விலகிச் செல்வதால் அந்த ஒலி நம்மை வந்தடையும்போது தாழ்ந்துவிடுகிறது. ஏறத்தாழ 140 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஹைட்ரஜன் ஒலி நம்மிடம் வந்து சேர்வது 1280 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில்தான். இன்னும் தொலைவிலிருந்து, 880 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒலியொன்றையும் கோடத்தின் உதவியால் ஆய்வாளர் கண்டுபிடித்ததாக 2023-ஆம் ஆண்டு செய்தி வந்தது. அது வந்து சேர்ந்த அதிர்வெண் 620 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. செயற்கைக் கோள்களின் இரைச்சலும் மின்கம்பிகளில் எழும் தீப்பொறிகளின் இரைச்சலும் அங்குள்ளவர்களுக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை. நாமும் ஒன்றைச் சேர்க்கவேண்டாம்.

நிற்க. தொலைநோக்கியை விட்டு ஆகாய விமானத்திற்கு வருவோம். இந்த அதிர்வெண் பகுதியில் வானியலார்க்கு நேர்வது இழப்பு. விமானிகளுக்கு நேர்வது ஆபத்து. பறக்கும் ஒவ்வொரு பயணிகள் விமானமும் தன் அடையாளத்தையும் உயரத்தையும் தரைக்குச் சொல்லும் அதிர்வெண் 1090 மெகாஹெர்ட்ஸ். மலிவான படக்கருவிகள் சிலவற்றின் முதல் அலைவரிசை 1080. படம் அனுப்பும் அலை தன் இருபுறமும் பல மெகாஹெர்ட்ஸ் பரந்து நிற்பதால், 1080-இல் போட்டாலும் 1090-ஐ மிதிக்கும். புனேயின் லோகேகாவ் ஓடுபாதையைப் போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. நகரின் நடுப்பகுதி அதிலிருந்து 12 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த '1.2', '1.3' கருவிகளை உரிமமின்றி இயக்க நம் நாட்டில் இடமில்லை. வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

உரிமம் வேண்டாத அலைவரிசைகளும் உண்டு. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 2005-ஆம் ஆண்டு அறிவிக்கை விடுவித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளுக்கு 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை இருக்கிறது. சட்டச் சொற்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு ஒன்று தெரியும்: 'உரிமம் வேண்டாதது' என்பதைப் படிப்பவர் பலர் 'வரம்பில்லாதது' என்று படித்துக்கொள்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு அறிவிக்கையில் டிரான்ஸ்மிட்டரின் திறனுக்கு ஒரு வாட்டும், ஆண்டெனா குவித்து அனுப்பும் திறனுக்கு 4 வாட்டும் வரம்பு. கருவி வகைக்கு ஒப்புதலும் பெற்றிருக்கவேண்டும். பறப்பதற்கு வேறு விதிகள். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வட்டத்தில் 200 அடி வரைதான். வரைபடத்தைப் பாராமல் விமானத்தைக் கிளப்புவது அறிவுடைமை ஆகாது.

அப்படியானால் படம் கலங்கினால் என்ன செய்வது? திறனை உயர்த்துவது மிக இலாபமற்ற வழி. தூரம் இரு மடங்காகவேண்டுமானால் திறன் நான்கு மடங்காகவேண்டும். 25 மில்லிவாட்டிலிருந்து 800 மில்லிவாட்டிற்கு உயர்த்தினால் திறன் 32 மடங்கு. தூரமோ ஆறு மடங்குகூட இல்லை. மாறாக, தரையில் படத்தை வாங்கும் பெட்டியில் எல்லாத் திசையும் கேட்கும் குச்சி ஆண்டெனாவை எடுத்துவிட்டு, ஒரு திசையைக் கூர்ந்து கேட்கும் தட்டை ஆண்டெனாவைப் பொருத்துங்கள். 10 டெசிபெல் கூடுதலாகக் கிடைத்தால் அது டிரான்ஸ்மிட்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். பறக்கும் கருவிக்கு எடை கூடாது, வெப்பம் கூடாது. கேட்கும் செவி எவ்வளவு கூர்மையானாலும் அதனால் அயலாருக்கு இடையூறு இல்லை. கோடத்தில் செய்திருப்பதும் இதே வேலைதான், மிகப் பெரிய அளவில்.

இவ்வளவுக்குப் பின்னும் வரம்புக்குட்பட்ட வலிய டிரான்ஸ்மிட்டர் தேவைப்படும் இடங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவ்வாறு வைத்திருப்பவர் மேசையின் மேல் செய்யவேண்டிய சோதனைகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விமானம் விழுவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆண்டெனா இல்லாமல் ஒரு நொடியும் மின்சாரம் கொடுக்கக்கூடாது. வெளியேற வழியில்லாத அலை திரும்பி வந்து, கடைசிப் பெருக்கியைச் சுட்டுவிடும். ஆண்டெனாவைத் திருகியிருந்தாலே போதும் என்றும் எண்ணக்கூடாது. எஸ்.எம்.ஏ., ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. என்று இரண்டு வகை இணைப்புகள் உண்டு. மரை ஒன்றே, நடுவிலுள்ள ஊசியும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றதில் திருகினால் நன்றாகவே ஏறும். ஆனால் இருபுறமும் துளையாக அமைந்துவிட்டால் உள்ளே தொடர்பே இராது. படம் வருகிறதே என்று சிலர் ஏமாந்துபோகிறார்கள். பத்தடித் தூரத்தில் ஆண்டெனா இல்லாமலே படம் வரும்.

இரண்டாவது வெப்பம். ஒரு வாட்டை வெளிவிடும் கருவி அதைப்போல் பல மடங்கு மின்சாரத்தை விழுங்கி, எஞ்சியதையெல்லாம் சூடாக மாற்றுகிறது. பறக்கும்போது காற்று அதைக் குளிர்விக்கும். மேசையில் காற்றில்லை. ஆகவே தரையில் இருக்கும்வரை மிகக் குறைந்த திறனில் வையுங்கள், அல்லது ஒரு மின்விசிறியை எதிரே வையுங்கள். முகத்தை ஆண்டெனாவுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு வாட்டு டிரான்ஸ்மிட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தூரத்தில் விழும் அலைச்செறிவு, பொதுமக்களுக்கென்று சர்வதேச அளவில் வகுத்துள்ள வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஒரு மீட்டர் விலகினால் அது நூறில் ஒரு பங்காகக் குறையும்.

மூன்றாவது சோதனையைத்தான் மிகப் பலர் விட்டுவிடுகிறார்கள். திறந்த வெளியில் விமானத்தைத் தரையில் வைத்து, டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு, ஜி.பி.எஸ். எத்தனை செயற்கைக் கோள்களைக் காண்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு, பறக்கும்போது வைக்கப்போகும் முழுத் திறனில் டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டு மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்று பறக்கவேண்டாம். தொடர்பு அறுந்தால் விமானம் தானே வீடு திரும்பும் என்று நம்பியிருக்கிறோம். வீடு எங்கே என்று அதற்குச் சொல்வது அந்தச் செயற்கைக் கோள்கள்தாம். சொந்த டிரான்ஸ்மிட்டரே அவற்றின் குரலை மூழ்கடித்தால் விமானம் எந்தக் கூட்டத்தின் மேல் இறங்கும் என்று எவரால் சொல்லமுடியும்? கட்டுப்பாட்டு அலையையும் இவ்வாறே, படக்கருவி முழுத் திறனில் இருக்கும்போது விலகி நடந்து சென்று சோதியுங்கள். இரண்டு ஆண்டெனாக்களையும் எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கிப் பொருத்தினால் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இறங்கிய பின்னும் ஒரு வேலை இருக்கிறது. விசிறிகள் நின்றவுடன் காற்றும் நின்றுவிடும். டிரான்ஸ்மிட்டர் மட்டும் எரிந்துகொண்டேயிருக்கும். இயந்திரங்கள் நின்றதும் தானாகவே குறைந்த திறனுக்கு இறங்கும் ஏற்பாடு இன்றைய கருவிகள் பலவற்றில் உண்டு. அதை அமைத்துவிடுங்கள். விமானம் கண்காணாத இடத்தில் விழுந்துவிட்டால், அந்த மெல்லிய அலையே அதைத் தேட உதவும். தட்டை ஆண்டெனாவை மெல்லத் திருப்பி, படம் எத்திசையில் தெளிகிறதோ அத்திசையில் நடக்கலாம். நாராயண்காவ், ஜுன்னர் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் விழுந்திருந்தால் மட்டும், பொழுது சாய்ந்த பிறகு தனியே தேடப் போகவேண்டாம். அங்கே சிறுத்தைகள் குடியிருக்கின்றன.