சமூகவியல் தேர்வில் கட்டுரை விடை எழுதும் முறை



‘இந்தியக் கிராமங்களில் சாதியும் வர்க்கமும் இன்றும் ஒன்றியே நிற்கின்றனவா? ஆராய்க’ என்று வினாத்தாளில் ஒரு வினா வருவதாகக் கொள்வோம். திருவிடைமருதூர் வட்டாரத்துச் சேரியில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டனார் வாய்மொழியாகவே இதன் விடை தெரியும். ஆயினும், பேனாவை எடுத்ததும் நம் பிள்ளைகளில் சிலர் கடையில் வாங்கிய நோட்சிலிருந்து ‘சாதி’ என்னும் கட்டுரையை அப்படியே இறக்கி வைக்கின்றனர். வேறு சிலர் பட்ட துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். முன்னதில் கேட்ட வினாவுக்கு விடை இல்லை. பின்னதில் உண்மை உண்டு. எனினும் மதிப்பெண் கிடைப்பதில்லை.

முதற்பத்தியிலேயே நம் முடிவு தெரிதல் வேண்டும். ‘மேல்தட்டில் ஓரளவு விலகியுள்ளன, அடித்தட்டில் இன்னும் பிணைந்தே உள்ளன’ என்று ஒரு வரி போதும். பொருளியல் வர்க்கம், சமூக மதிப்பு, அதிகாரம் ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டிய மாக்ஸ் வெபரை இரண்டு வரிகளில் சுட்டிவிட்டு நகர்க. வரையறைக்கே அரைப்பக்கம் செலவிடுவது வீண். தேர்வாளர் அதனை அறிவார்!

அடுத்தது சான்று. இங்கேதான் தஞ்சை மாணவர்க்கு நற்பேறு. ஆந்த்ரே பெத்தேய் ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்ட ‘ஸ்ரீபுரம்’ பழைய தஞ்சை மாவட்டத்து ஊரே. பெயர் மட்டும் புனைபெயர். சாதி உயர்வும் நிலமும் அதிகாரமும் முன்னாளில் அக்கிரகாரத்தில் ஒருங்கே குவிந்திருந்தன. பின்னர் அதிகாரம் பிராமணரல்லாதார் கைக்குச் சென்றது. நிலமும் கைமாறத் தொடங்கியது. இது அவர் கண்ட முடிவு. இதே தஞ்சையில் கும்பப்பேட்டையை ஆராய்ந்த கேத்லீன் கஃப் அம்மையார் மார்க்சிய நோக்கில் எழுதியவர். இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் விடைக்கு வலிமை கூடும்.

இனி ஆய்வு. பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கியவர். அதனால் சேரியில் தாராளமாகப் பழக இயலவில்லை என்று அவரே எழுதியுள்ளார். சேரியிலிருந்து நோக்கின் அவ்விலகல் அத்துணை தெளிவாகத் தெரியுமா என்று வினவ நம் பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ‘எங்கள் தெருவில் கண்டேன்’ என்பது தேர்வுத்தாளில் சான்றாகாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. அதன் பின்னரும் 1968 டிசம்பர் 25 அன்று, கூலிப் போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். எவரும் மறுக்க இயலாது. சினம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அஃது ஆண்டுகளிலும் எண்களிலும் அடங்கி நிற்கட்டும்.

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அங்குப் 10 மதிப்பெண் வினாவுக்கு ஏறத்தாழ 150 சொற்களே இடம். வெபருக்கு ஒரு வரி, ஸ்ரீபுரத்துக்கு மூன்று, வெண்மணிக்கு இரண்டு என முன்னரே பங்கிட்டுக்கொண்டு, கடிகாரத்தை எதிரே வைத்து எழுதிப் பழகுங்கள். எழுதிய தாள்களைச் சங்கத்துப் படிப்பகத்தில் கொடுத்தால், அடுத்த வாரமே திருத்தித் தருகிறோம்.