சிறு லொறிகளின் பந்தயம்

விளையாட்டொன்றை அழிப்பதற்கு அதன் பகைவர் வேண்டியதில்லை. அதன்மீது தீராத பற்றுக் கொண்டோரே பல வேளைகளில் அதனை அழிவின் விளிம்புவரை கொண்டு சென்று விடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறு கார்களையும் லொறிகளையும் பந்தயம் விடுகின்ற கழகங்களின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். வசதி குறைந்தோரும் கைப்பழக்கம் இல்லாதோரும் அஞ்சாது நுழையக்கூடிய எளிய பிரிவொன்றை அக்கழகங்கள் வகுக்க நேர்ந்தது ஏன், வகுத்ததை அவை காத்து வருவது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

பந்தயம் என்றதும் நேயர்கள் சிறுவர் கயிறு கட்டி இழுக்கும் பொம்மையை மனத்திற் கொள்ளுதல் கூடாது. இவை உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. நீளம் ஏறக்குறைய இரண்டு அடி. நிறை இரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேல். உள்ளே ஒரு மின்மோட்டர், ஒரு பற்றறி, அலைகளை ஏற்கும் ஒரு வாங்கி, சில்லுகளைத் திருப்பும் ஒரு சிறு பொறி ஆகியன உள்ளன. ஓட்டுபவர் தடத்தின் ஓரத்தில் உயர்ந்த மேடையொன்றில் நின்று, கைத்துப்பாக்கி போன்ற கருவியினால் வண்டியை நடத்துகிறார். தடமோ மண்மேடும் பள்ளமும் வளைவும் கொண்டது. வண்டிகள் மேட்டில் ஏறிப் பறந்து விழும், புரளும், மீண்டும் ஓடும்.

இக்கலை 1960களில் ஐரோப்பாவில் அரும்பியது. யப்பானின் சிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976 ஆம் ஆண்டில் தன் முதலாவது வானொலிக் காரை வெளியிட்டபின், அது வீடுகளுக்குள் புகுந்தது. 1984 இல் அந்நிறுவனமே வெட்டுக்கிளி என்னும் பெயரில் மலிவான வண்டியொன்றை விற்றது. சிறிய மோட்டர், எளிய அமைப்பு, தானே பூட்டிக் கொள்ளக்கூடிய பகுதிகள். பெற்றோர் வாங்கிக் கொடுக்கத் தயங்காத விலை. பலருக்கு இவ்விளையாட்டின் வாசல் அதுவாகவே இருந்தது.

வாசல் திறந்தபின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. வென்றவர் மேலும் வெல்ல விரும்பினார். தோற்றவர் வென்றவரைப் போலச் செலவிட விரும்பினார். மோட்டரில் கம்பிச் சுற்றுக்களின் எண்ணிக்கை குறையக் குறைய வேகம் கூடும். ஆகையால் 27 சுற்றுக் கொண்ட மோட்டர் ஒன்றையே சாதாரணப் பிரிவுக்கு உரியதெனச் சங்கங்கள் விதித்தன. விதி நல்ல விதியே. ஆயினும் அம்மோட்டரைக் கழற்றிப் பழுதுபார்க்கலாம் என்ற அனுமதி வந்ததும், அதனுள் இருக்கும் திசைமாற்றியைக் கடைந்து சீர்செய்வதற்கெனச் சிறு கடைசல் பொறிகள் பந்தயத் திடலுக்கே வந்து சேர்ந்தன. தூரிகைகளும் அவற்றை அழுத்தும் விற்சுருள்களும் வகைவகையாக விற்பனையாயின. பற்றறியிலும் இதே கதை. 1.2 வோல்ற்று கொண்ட ஆறு கலங்களைச் சேர்த்து 7.2 வோல்ற்று பெறுவது அக்கால முறை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய கலங்கள்கூட ஒத்த வலுவுடையனவாக இருப்பதில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான கலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒத்தவற்றைத் தேர்ந்து கட்டி, உயர்ந்த விலைக்கு விற்கும் வணிகம் ஒன்று தோன்றிற்று. சாதாரணப் பிரிவு என்ற பெயர் மட்டும் சாதாரணமாக எஞ்சியது.

இதனால் கெட்டது யார்? பணம் செலவிட்டவர் அல்லர். அவர் மகிழ்ந்தே செலவிட்டார். முதன்முறையாகத் தந்தையாருடன் திடலுக்கு வந்த சிறுவனே கெட்டான். அவனுடைய வண்டி கடையில் வாங்கியபடியே இருந்தது. முதல் வளைவிலே அவனை எல்லாரும் முந்தினர். இரண்டாம் வளைவிலே யாரோ மோதி முன்சில்லுத் தாங்கி ஒடிந்தது. அடுத்த கிழமை அவன் வரவில்லை. இவ்வாறு வராதுபோனோரின் தொகையை எந்தக் கழகமும் பதிவேட்டில் எழுதுவதில்லை. பழைய முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, ஓட்டுவோர் மேடையில் இடம் விழத் தொடங்கிய பின்னரே அது கண்ணுக்குத் தெரியும்.

2008 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ட்ராக்சஸ் நிறுவனம் சிலாஷ் என்னும் லொறியை வெளியிட்டது. மண்தடத்தில் ஓடும் பெரிய பந்தய லொறிகளின் சாயலில் அது அமைந்தது. அப்பெரிய லொறிகளின் குறுந்தடப் பந்தயங்கள், 1979 முதல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கொலிசியம் அரங்கினுள்ளே மண் கொட்டி நடத்தப்பட்ட காலந்தொட்டு மக்களிடையே புகழ்பெற்றவை. சிறிய சிலாஷ் பந்தயக்காரரைக் கருதி நுட்பமாகச் செய்யப்பட்ட வண்டியன்று. பின்சில்லுகள் மட்டுமே உந்துவன. மோட்டரோ தூரிகையுடைய பழைய வகையினது. ஆனால் அதில் ஓர் அருங்குணம் இருந்தது. பம்பரும் அகன்ற மேலுடலும் நான்கு சில்லுகளையும் மறைத்து நின்றன. சில்லுகள் வெளியே தெரியும் வண்டிகள் மோதும்போது ஒன்றின் சில்லு மற்றதன் சில்லில் ஏறி இரண்டும் கவிழும். இவையோ தோளோடு தோள் உரசி விலகும். மோதாமல் ஓட்டத் தெரியாதவனுக்கு மோதினாலும் ஓடும் வண்டியே ஏற்றது. இவ்வுண்மையை விதிநூல்களைக் காட்டிலும் அந்த லொறி தெளிவாக எடுத்துக் காட்டியது.

கழகங்கள் பல இதனை வைத்து ஒரு பிரிவை அமைத்தன. விதி ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். லொறி கடையிலிருந்து வந்தபடி இருத்தல் வேண்டும். மோட்டரும் வேகக் கட்டுப்படுத்தியும் மாற்றப்படலாகாது. பற்றறி இரு கலம் கொண்ட இலிதியம் வகை, 7.4 வோல்ற்றுக்கு மேற்படலாகாது; டயர் கழகம் குறிப்பிட்ட ஒரே வகை. கடைசி விதியே செலவை மிகுதியாகக் குறைப்பது. மண்ணின் ஈரம் மாறும்தோறும் டயர் மாற்றுவதே தேர்ந்த பந்தயக்காரரின் பெரும் செலவு. எல்லாரும் ஒரே டயரில் ஓடும்போது மண் வழுக்கினால் எல்லாருக்கும் வழுக்கும்.

அனுமதிக்கப்பட்ட மாற்றங்களும் சில உண்டு. ஒடிந்த பகுதிக்குப் பதிலாக வலிய பகுதி போடலாம். மேலுடலின் பின்புறத்தில் துளையிடலாம்; ஏனெனில் மேட்டிலிருந்து பறக்கும்போது அகன்ற மேலுடல் காற்றை அடக்கிக் குடைபோல் விரிந்து லொறியின் மூக்கைத் தூக்கிவிடும். கத்தரிக்கோல் ஒன்றே இதற்கு வேண்டிய முதலீடு. எல்லாரும் ஒரே வகை லொறியை ஓட்டுவதால் இன்னொரு நன்மையும் விளைந்தது. ஒருவருக்கு ஒடிந்த பகுதி அடுத்த மேசைக்காரரின் பெட்டியில் இருக்கும். ஒரே நிறுவனத்தின் வண்டிக்குக் கழகம் அடிமைப்படுவதா என்று கேட்டோரும் இருந்தனர். அக்கேள்வி நியாயமானதே. அதனாற் சில இடங்களில் எந்த நிறுவனத்தின் லொறியையும் ஏற்று, மோட்டர், பற்றறி, டயர் ஆகிய மூன்றை மட்டும் ஒன்றாக்கினர்.

காலமும் இம்முயற்சிக்குத் துணைநின்றது. முன்னர் அமெரிக்காவில் 27 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஆறே மீடிறன்கள் இருந்தன. ஒரே மீடிறனில் இருவர் ஓட்டினால் ஒருவரின் வண்டி மற்றவரின் கைக்குக் கட்டுப்பட்டுச் சுவரில் மோதும். மலிவான கருவியுடன் வந்த புதியவர், தம் மீடிறனை வேறொருவர் பயன்படுத்தி முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் வந்தபின் அத்தொல்லை ஒழிந்தது. இலிதியம் பற்றறி வந்ததும் கலங்களைத் தேர்ந்து கட்டும் வணிகமும் பெரும்பாலும் ஓய்ந்தது. ஆயினும் அதனைத் தவறாக மின்னேற்றினாலோ உறை கிழிந்தாலோ தீப்பற்றும். கண்காணிப்பின்றி மின்னேற்றலாகாது என்பதைப் புதியவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது கழகத்தின் கடமை.

விதியை எழுதுவது எளிது. மீறுவோரைக் கண்டுபிடிப்பதே கடினம். தூரிகையற்ற மோட்டர்களை ஓட்டும் பிரிவுகளில் இதற்கு அழகான தீர்வொன்று கிடைத்தது. வேகக் கட்டுப்படுத்தி கூடுதல் விசை எதுவும் தராத நிலையில் இருக்குமாயின், அதன் சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னும். நடுவர் குனிந்து பார்த்தாலே போதும். மூடிய மோட்டர்களுக்கு அத்தகைய விளக்கில்லை. அமெரிக்காவின் பெரிய கார்கள் ஓடும் மண்தடங்கள் சிலவற்றில், வென்றவரின் இயந்திரத்தைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை எதிராளிக்கு அளிக்கும் விதி உண்டு. ஆயிரம் செலவிட்டுத் திருத்தியதை நூறுக்குக் கொடுக்க எவரும் துணியார். சிறு லொறிகளுக்கும் ஏற்ற விதியே அது.

எனினும் மோட்டரைக் காட்டிலும் பெரிய இடர் மனிதரே. மலிவான பிரிவு களைகட்டியதும் தேர்ந்த ஓட்டுநரும் அதற்குள் வந்து விடுகின்றனர். அவர்கள் விதியை மீறுவதில்லை, கையினாலேயே வெல்கின்றனர். வண்டி தம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும் மயக்கம் அவர்களுக்கு நீங்கிப் பல்லாண்டுகள் ஆயின. புதியவரோ அந்த ஒரு பாடத்திலேயே பல கிழமைகள் தடுமாறுவார். சிலாஷ் லொறியின் வேகக் கட்டுப்படுத்தியில் விசையைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி நிலை ஒன்று உண்டு. முதல் நாட்களில் அதைப் பயன்படுத்துமாறு சொன்னால், பாதி வேகத்தில் கவிழாமல் ஓடுபவர் முழு வேகத்தில் கவிழ்ந்து கிடப்பவரை முந்துவதைத் தாமே காண்பார். ஆனால் இவ்விருவரோடு தேர்ந்தவர் ஒருவரும் ஓடினால் அப்பாடம் பயனற்றுப் போகும். சவாரி மாடுகளைத் தரம் பிரித்து ஓடவிடும் வழக்கத்தை வடபகுதி நேயர்கள் நன்கறிவர். மாட்டுக்குச் செய்யும் நியாயத்தை மனிதருக்கும் செய்தல் தகும். குறித்த தடவைகள் வென்றவர் மேற்பிரிவுக்குப் போக வேண்டும் என்று விதிப்பதே நேரிய வழி. தேர்ந்தோர் முணுமுணுப்பர். முணுமுணுப்பவர் மறு கிழமையும் வருவார். தோற்று ஒதுங்கிய சிறுவன் வரமாட்டான்.

அவர்களுக்கு வேறொரு பணி உண்டு. ஓர் ஓட்டம் முடிந்ததும் அதில் ஓட்டியோர் தடத்தின் வளைவுகளில் நின்று, அடுத்த ஓட்டத்தில் கவிழும் வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும் என்பது இக்கழகங்களின் பொது வழக்கம். புதியவர் ஓட்டத்திற்கு மட்டும் தேர்ந்தவரே வளைவில் நிற்பதென ஏற்பாடு செய்தால், லொறியும் விரைவில் நிமிரும். அருகில் நின்றே ஒரு சொல் அறிவுரையும் கிடைக்கும். சுற்றுக்களை எண்ணும் சிறு கருவியைப் புதியவர் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கழகம் இரவல் கொடுக்கலாம்.

பிரிவொன்றை நடத்த மூன்று வண்டிகள் வேண்டும் என்பது பல கழகங்களில் உள்ள கணக்கு. இருவர் மட்டும் வந்த நாளில் அவ்விருவரையும் வேறு பிரிவோடு கலந்து ஓடவிடுவதே வழக்கம். புதியவருக்கு அதனிலும் கொடிய நாள் வேறில்லை. ஆகையால் கழகமே தன் செலவில் ஒரு லொறியை வாங்கி, மின்னேற்றிய பற்றறியுடன் அலுமாரியில் வைத்திருப்பது நன்று. வேடிக்கை பார்க்க வந்து வேலியோரம் நிற்பவர் ஒருவரின் கையில் அதனைக் கொடுத்தால் மூன்றாவது லொறியும் தயார்.